கஞ்சியார் வேண்டுமென்றே கருக்கிய சட்டை

தப்பு செய்வதற்கு உகந்த வயது எது என்று இதுவரை யாரும் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை. செய்ய நினைப்பவர்கள் நேரே அந்தத் தெருமுனைச் சலவைக்கடைக்குப் போய்க் கஞ்சியாரைப் பார்க்கலாம். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு போவது நல்லது. அதற்கு முன்னால் போனால் பேச்சு இருக்காது, நீராவி மட்டும்தான் வரும்.

கஞ்சியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டைபோல முதுகு வளையாமல் நடப்பார். பேச்சும் அப்படித்தான். யாராவது மடக்கப் பார்த்தால் மடியாது, மொடமொடவென்று சத்தம் வரும். பதினேழு வயதில் அந்தக் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவர், எழுபது வயதிலும் அதே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கரிப்பெட்டி போய் மின்சாரப் பெட்டி வந்தது. அதுவும் போய் நீராவிப் பெட்டி வந்தது. ஆள் மட்டும் மாறவில்லை. இத்தனை காலத்தில் அவர் கையில் கருகியவை மூன்று துணிகள்தான். ஒவ்வொரு தடவையும் ஊர் உடனுக்குடன் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஒரு தடவைகூட அது சரியாக இல்லை.

கடை பார்ப்பதற்குக் குறுகல், உள்ளே போனால் நீளம். முன்னால் கவுண்டர், அதன் தலைக்கு மேல் கம்பியில் தொங்கும் சட்டைகள். நடுக்கூடத்தில் தேய்ப்பு மேசைகள். பின்கட்டில் சலவை இயந்திரங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், சாக்கடைத் துளைக்குப் பக்கத்தில், காலர் மேசை. துணி இயந்திரத்துக்குள் போகும் முன் காலர் அழுக்கையும் கைமடிப்பு அழுக்கையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கும் இடம் அது. ஊரில் உள்ள அத்தனை கழுத்துகளின் ரகசியமும் அந்த மேசைக்கு வந்து சேரும். அங்கே உட்காருபவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் கையைத் தானே மோந்து பார்க்க மாட்டான்.

கடையை ஆரம்பித்த பெரிய முதலாளி ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். துணியைக் கருக்கியவன் காலர் மேசைக்குப் போக வேண்டும். அடுத்தவன் ஒருவன் கருக்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அடுத்த கருகல் வந்ததும் எழுந்து வந்து தன் பழைய மேசையில் நின்றுகொள்ளலாம். பழைய கதையை யாரும் கிளறக் கூடாது. இதைவிட ஒழுங்கான நீதிமுறை பெரிய பெரிய கட்டடங்களிலும் இல்லை என்பது கஞ்சியாரின் அபிப்பிராயம்.

முதல் கருகல் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில். சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் புது பேண்ட். கரிப்பெட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவர் பாதத்தில் விழுந்தது. குனிந்து தட்டிவிட்டு நிமிர்வதற்குள் தொடைப்பக்கத்தில் பழுப்பாக ஒரு பட்டை. மாணவன் வந்தான், பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான். "துணி என்ன விலைன்னு முந்தாநாள் என்கிட்ட கேட்டான். கேட்டுட்டுப் பெருமூச்சு விட்டான். பொறாமை. வேணும்னே பண்ணியிருக்கான்" என்று பெரிய முதலாளி முன்னால் படிப்படியாக நிரூபித்துக் காட்டினான். முதலாளிக்கு அவ்வளவு நிரூபணம் தேவைப்படவில்லை. மீசை அரும்பிய முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"திமிரு! இந்த வயசுக்கு உண்டான திமிரு!" என்று ஒரு அறை விட்டார். 

அந்த வருஷம் முழுக்கக் கடையில் வேறு யாரும் எதையும் கருக்கவில்லை. நம் ஆள் காலர் மேசையிலேயே மீசையை வளர்த்து முடித்தார்.

இரண்டாவது கருகல் நாற்பதை ஒட்டி. அன்றைக்கு நடந்தது என்னவென்றால், பக்கத்து மேசைக்காரன் தன் மாமியார் தவறான பஸ்ஸில் ஏறிய கதையைச் சொன்னான். கஞ்சியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயிற்றைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு மேசைவிரிப்பு போயிற்று. ஆனால் நாற்பது வயது ஆள் சிரித்ததால் ஒரு தப்பு செய்தான் என்றால் யார் நம்புவார்கள்? நாற்பது வயதில் நாய்க்குணம் என்று பழமொழியே இருக்கிறது. "வீட்டுல ஏதோ சரியில்ல போல" என்று கடை முடிவு செய்தது. கடையிலிருந்து தெரு, தெருவிலிருந்து உறவு. வார முடிவில் அவருடைய மைத்துனர் ஒரு பையோடு பஸ் ஏறி வந்து இறங்கி, தங்கையிடம், "என்னம்மா பிரச்சனை? எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்" என்றார். ஒரு பிரச்சனையும் இல்லாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு அன்றைக்குத்தான் புருஷன்மேல் சந்தேகம் வந்தது. அது தீர இரண்டு மாசம் ஆயிற்று. காலர் மேசையிலிருந்து கஞ்சியார் அதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

இதெல்லாம் பழைய கதை. மூன்றாவது கருகல்தான் விஷயம்.

முன்பு சொன்ன சட்ட மாணவன் வக்கீலாகி, பெரிய வக்கீலாகி, ஓய்வும் பெற்றுவிட்டார். இத்தனை காலமும் அவர் துணிகள் வேலையாள் கையில் வந்து வேலையாள் கையில் போயின. ஓய்வு பெற்றவர்களுக்குக் கடைக்குப் போவது ஒரு உத்தியோகம் அல்லவா? இப்போது அவரே வர ஆரம்பித்தார். வந்தவர் ஒருநாள் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இந்தப் பெரியவர் சின்ன வயசுல என்ன காரியம் பண்ணார் தெரியுமாம்மா? என் புது பேண்ட்டை வேணும்னே கருக்கிட்டார். இதே இடத்துல நின்னு நிரூபிச்சேன். அதுதான் என் முதல் கேஸ்னு வெச்சுக்கயேன்."

"இவரா சார்? பூனை மாதிரி இருக்காரே!"

"அது வயசுக்கோளாறும்மா. அந்த வயசுல யாருதான் ஒழுங்கு? நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்." தேய்த்த சட்டைகளைக் கொண்டுவந்து கொடுக்க வந்த கஞ்சியாரின் தோளை எட்டித் தட்டினார். "என்ன பெரியவரே, சரிதானே?"

செய்யாத தப்புக்குப் பட்ட அறையையும் காலர் மேசையையும் கஞ்சியார் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தவர் அல்ல. அடி வாங்காமல் யார் வேலை கற்றார்கள் என்று விட்டுவிட்டார். ஆனால் இந்த மன்னிப்பு போய்ச் செரிக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வக்கீலின் வெள்ளைச் சட்டை ஒன்று மேசைக்கு வந்தது. முதுகுப் பக்கத்தைச் சுருக்கமில்லாமல் விரித்தார். பெட்டியின் சூட்டை முழுக்க ஏற்றினார். முதுகின் நட்டநடுவில் பெட்டியை வைத்தார். கையை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். புகை எழுந்து, வாசனை கூடம் முழுக்கப் பரவிய பிறகு, அவசரமில்லாமல் பெட்டியைத் தூக்கி வைத்தார். வெள்ளைத் துணியில் பெட்டியின் அச்சாகப் படகு ஒன்று பழுப்பாக, ஓரம் பிசிறாமல், நிமிர்ந்து நின்றது. அவர் கையால் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அமைந்து நாளாகியிருந்தது.

சட்டையைத் தானே ஹேங்கரில் மாட்டி, தானே கொண்டுபோய் முதலாளி முன்னால் தொங்கவிட்டார்.

இப்போதைய முதலாளி, பெரிய முதலாளியின் பேத்தி. எல்லோரும் மேடம் என்பார்கள். வயது முப்பத்தைந்துக்குள். நல்ல பெண். அதுதான் வினையாகப் போயிற்று. சட்டையைப் பார்த்தார், கஞ்சியாரைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

"ஐயா, முதல்ல உக்காருங்க. யாராவது தண்ணி கொண்டுவாங்க. ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க."

"தண்ணி வேண்டாம் மேடம். வேணும்னே பண்ணேன்."

"பரவாயில்லய்யா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அடுத்த மேசையில் தேய்ப்பவனை எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். எந்தக் கல்யாணத்திலும் மாட்டாத மாப்பிள்ளை. தொழில் தெரிந்தவன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கை நடுங்கியிருந்தா இழுபட்டிருக்கும் மேடம். ஓரம் பிசிறியிருக்கும். இது அச்சு வெச்ச மாதிரி இருக்கு. பெட்டி அசையவே இல்ல."

"அப்படிச் சொல்லுடா!" என்றார் கஞ்சியார்.

"நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு போல," என்றான் மாப்பிள்ளை.

அன்று சாயங்காலமே மேடம் முடிவைச் சொல்லிவிட்டார். தாத்தா காலத்துச் சட்டம் இருக்கட்டும். இந்த வயதில் ஒரு மனிதரைக் காலர் மேசைக்கு அனுப்புவதா? அந்தப் பாவம் தனக்கு வேண்டாம். மாசம் முடிந்ததும் அவர் வீட்டில் ஓய்வாக இருக்கலாம். கௌரவமாக அனுப்பி வைப்போம். மறுநாள் கடைக்கு ஒரு சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. எல்லோரும் சேர்ந்து அவருக்கு வாங்கிய பரிசு. பிளாஸ்டிக் உறையோடு கூடத்தின் மூலையில் போட்டு வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க நின்ற மனிதரைப் பார்த்து அது பல்லைக் காட்டியது.

கஞ்சியாருக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. குற்றவாளி என்றால் காலர் மேசை, பிறகு ஒருநாள் திரும்பவும் தன் மேசை. நிரபராதி என்றால் நாற்காலி. ஊரில் உள்ளவனெல்லாம் தப்பிலிருந்து தப்பிக்க ஆளைத் தேடி ஓடுவான். இவர் தப்பு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஓட வேண்டியதாயிற்று.

வீட்டில் நிரூபணம் சுலபமாக முடிந்தது.

"வேணும்னே பண்ணேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க," என்றார்.

"நான் நம்பறேங்க," என்றாள் மனைவி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பண்ணக்கூடிய ஆளுதான். எங்க அண்ணன் குடுத்த குடையை வேணும்னே பஸ்ஸுல விட்டுட்டு வந்தவர்தானே?"

"அது மறந்துபோய் விட்டது."

"பாத்தீங்களா? சட்டையைக் கருக்கினதை மட்டும் ஊரெல்லாம் பண்ணேம்பீங்க. குடையை விட்டதை மட்டும் பண்ணலைம்பீங்க."

மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு அந்த அம்மாளே சாட்சி சொல்லக் கடைக்கு வந்தாள். "மேடம், இவருக்குக் கையும் நடுங்கல, காலும் நடுங்கல. இது சுத்தமான கொழுப்பு. நான் கண்ட கொழுப்பும்மா இது. வேற யாரும் இதுல எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்" என்றாள்.

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் ஏத்துக்க ரொம்பக் கஷ்டமா இருக்கும். நீங்க தைரியமா இருக்கணும்."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "வாங்க போலாம். விட்டா எனக்கும் சேர்த்து ஒரு நாற்காலி வாங்கிடுவா."

கஞ்சியார் விடவில்லை. கையில் கோளாறு இல்லை என்று காட்ட, ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கொசுவப் பாவாடையை எல்லோர் முன்னாலும் தேய்த்தார். ஒவ்வொரு மடிப்பும் கத்தி மாதிரி விழுந்தது. கூட்டம் கைதட்டியது. மேடமும் தட்டினார். தட்டி முடித்ததும் அவர் முகம் இன்னும் வாடிவிட்டது.

"அப்போ கையில ஒண்ணும் இல்ல," என்று மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னார். "தலையில ஏதோ..."

இந்த இடத்தில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. மூளை சரியாக இருக்கிறது என்று மற்றவர்களை நம்பவைப்பது உலகத்திலேயே கடினமான வேலை. சும்மா இருந்தால் மந்தம் என்பார்கள். வாதாடினால் முற்றிவிட்டது என்பார்கள். கஞ்சியார் வாதாடினார். மேடம் தன் காரிலேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றெல்லாம் டாக்டர் கேட்டார்.

"எதுக்கு ஏழைக் கழிக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டுமே," என்றார் கஞ்சியார்.

"கோபம் அதிகமா வருதா?"

கூட வந்த மனைவி முந்திக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து."

டாக்டர் சிரித்துவிட்டார். "வயசுக்கு நல்லாவே இருக்கார். கவலைப்பட ஒண்ணுமில்ல" என்றார். மேடம் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்தது.

மாசம் முடியப்போகிறது. நாற்காலியின் உறைமேல் தூசி படிய ஆரம்பித்திருந்தது. அந்த நிலையில்தான் மேடம் வக்கீலை அழைத்தார். சட்டைக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும், புதுச் சட்டை ஒன்று தர வேண்டும், கஞ்சியார் போகும் முன் அவருடைய மனக்குறையும் தீர வேண்டும். நல்ல மனசுக்கு ஒரே கல்லில் எத்தனை மாங்காய்!

வக்கீல் வந்தார். உட்கார வேறு இடம் இல்லாததால், உறையைக் கழற்றிப் பரிசு நாற்காலியையே அவருக்குப் போட்டார்கள். சாய்ந்து உட்கார்ந்து, கருகிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே நின்றவரைப் பார்த்துக் கருணையாகச் சிரித்தார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க பெரியவரே. ஆனைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கல சார்," என்றார் கஞ்சியார். "ஆனை வேணும்னே மிதிச்சுது."

கூடம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார். "நீங்களாவது, வேணும்னு பண்றதாவது!"

"அன்னைக்கு நான் பண்ணாததைப் பண்ணினேன்னு நிரூபிச்சீங்க. அப்போ நீங்க படிச்சுக்கிட்டிருந்தீங்க. இப்போ எல்லாம் படிச்சாச்சு. இன்னைக்குப் பண்ணினதை நிரூபிச்சுக் காட்டுங்க பாப்போம். வேற யாராலயும் முடியல."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் கண் தானாகவே சட்டைக்குப் போயிற்று. பழைய குதிரைக்கு முரசுச் சத்தம் கேட்டால் காது நிமிரும். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கருகல் வாசனை எப்போ வந்துது?"

"உடனே வந்துது."

"வந்ததும் பெட்டியை எடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நல்லா வரட்டும்னு."

சிரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிறுத்திவிட்டான்.

"அப்போ உங்க கை எங்க இருந்துது?"

"கட்டிக்கிட்டு நின்னேன்."

"தூக்கம் வந்துதா?"

"அவ்வளவு சந்தோஷத்துல எப்படி சார் தூக்கம் வரும்?"

வக்கீல் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். கருணை எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "சரி. காரணம்? காரணம் இல்லாம எந்தக் காரியமும் இல்ல. உனக்கு என் சட்டைமேல என்ன கோபம்?"

நீங்கள் நீயானதைக் கஞ்சியார் கவனித்தார். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"சட்டைமேல ஒண்ணுமில்ல சார். நீங்க என்னை மன்னிச்சீங்க."

"மன்னிச்சா சட்டையைக் கருக்குவியா?"

"பண்ணாத தப்புக்கு மன்னிச்சா வேற என்ன பண்றது? சரி, மன்னிப்பு வீணாப் போக வேண்டாம், தப்பைப் பண்ணிடுவோம்னு பண்ணேன்."

"பண்ணாத தப்பா? அன்னைக்கு என் பேண்ட்..."

"அன்னைக்குக் கால்ல கங்கு விழுந்துது." செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீட்டினார். மேற்பாதத்தில், காசு அளவுக்கு, வழுவழுவென்று ஒரு தழும்பு. வக்கீல் குனிந்து பார்த்தார். மேடமும் எட்டிப் பார்த்தார்.

"இதை ஏன்யா அன்னைக்கே காட்டல?" என்றார் வக்கீல். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"காட்டினேனே! 'திமிரைப் பாரு, காலைத் தூக்கிக் காட்டுறான்'னு பெரிய முதலாளி இன்னொரு அறை விட்டாரு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

வக்கீல் நிமிரச் சிறிது நேரம் பிடித்தது. எத்தனையோ மேடைகளில், எத்தனையோ விருந்துகளில் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய முதல் வெற்றி அது. ஒரு தழும்பின் அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. மனிதர் வருத்தப்படுவார் என்று கஞ்சியாரே கொஞ்சம் எதிர்பார்த்தார். ஆனால் தோற்ற வழக்குக்கு வருத்தப்படுகிறவர் பெரிய வக்கீல் ஆக முடியுமா? அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அது எப்பவோ காலாவதியாயிடுச்சு! இது இப்போ நடந்தது. நடந்ததை ஒத்துக்கிட்டான். மேடம், இவனைச் சும்மா விட்டீங்கன்னா நான் சும்மா விடமாட்டேன்."

மேடம் பதறிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "சார், ப்ளீஸ், பெரிசு பண்ணாதீங்க. ரெண்டு பேருக்குமே வயசாயிடுச்சு..."

"ரெண்டு பேருக்குமா?"

வக்கீல் எழுந்துவிட்டார். அந்த நாற்காலியிலிருந்து அவ்வளவு வேகமாக எழ முடியும் என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது.

"இவனை விட எனக்கு மூணு வயசு ஜாஸ்திம்மா. இவன் பண்றது இவனுக்குத் தெரியாதுன்னா, நான் பேசறது எனக்குத் தெரியாதா? நாளைக்கு நான் ஒருத்தனைத் திட்டினா, பாவம் பெரியவர் உளறுறார்னு தண்ணி குடுப்பியா நீ? இவன் பண்ணினான்! தெளிஞ்ச புத்தியோட, திட்டம் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னு பண்ணினான்! அயோக்கியன்!"

"கேட்டுக்கோங்க மேடம்," என்றார் கஞ்சியார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. 

பின்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தவர்களில் யாரோ, "ரெண்டு பெரிசும் குழந்தை மாதிரி சண்டை போடுதுங்க பாரு" என்றார்கள். குபீரென்று சிரிப்பு கிளம்பியது. மேடம் சிரிக்கவில்லை. அவர் சட்டையை எடுத்து, அந்தப் படகின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு, கஞ்சியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல அந்தப் பார்வை இருந்தது. இத்தனை வருஷமாகத் தன் கடையில் நின்ற ஒருவர் இப்படியெல்லாம் யோசிப்பார் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும்.

"யாரும் சிரிக்க வேண்டாம்," என்றார். பிறகு, "நாளைக்கு என் மேல கோபம் வந்தா என் துணியையும் கருக்குவீங்களா?"

"நீங்க இன்னும் என்னை மன்னிக்கலையே மேடம்."

"மன்னிக்கவும் மாட்டேன். சட்டை விலையைச் சம்பளத்துல பிடிப்பேன். காலர் மேசைக்குப் போங்க, கஞ்சியாரே."

பெரியவரே இல்லை. ஐயா இல்லை. கஞ்சியார் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, கூடத்தைத் தாண்டி, சாக்கடைத் துளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிரஷ்ஷை எடுத்தார். அவர் அந்தப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தவர்கள், பதவி உயர்வு கிடைத்த ஆள் என்று நினைத்திருப்பார்கள். நாற்காலி கவுண்டர்ப் பெண்ணுக்குப் போயிற்று. அவளுக்கு இருபது வயது. சாய்ந்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று மேடம் திட்டுவதால் நிமிர்ந்தே உட்காருகிறாள்.

கஞ்சியார் இன்னும் காலர் மேசையில்தான் இருக்கிறார். அவருக்கு அடுத்து யாரும் கருக்கவில்லை. மாப்பிள்ளை இப்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்க்கிறான். "டேய், ஒரே ஒரு கைக்குட்டையையாவது கருக்கித் தொலையேன்டா" என்று அவ்வப்போது பின்கட்டிலிருந்து ஒரு குரல் வரும். "எனக்கென்ன உங்க வயசா? மாட்டிக்கிட்டா திமிரும்பாங்க" என்று இங்கிருந்து பதில் போகும்.

வக்கீல் கடையை மாற்றிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாற்றவில்லை. வாரம் தவறாமல் வருகிறார், முன்னைவிட நிமிர்ந்து நடக்கிறார், பின்கட்டுப் பக்கம் பார்க்காமல் பையை வைத்துவிட்டுப் போகிறார். போன வாரம் வந்த பையைக் கவுண்டர்ப் பெண் காலர் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அத்தனை சட்டைகளின் காலரிலும் உள்பக்கமாகக் கருப்புப் பட்டை, தடிமனாக, பளபளவென்று.

"ஐயோ பாவம்," என்றாள் அந்தப் பெண். "என்னத்தையோ மாத்தி எடுத்துக் கழுத்துல தடவிக்கிறார் போல. வயசாயிடுச்சுல்ல?"

கஞ்சியார் ஒரு காலரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கு வயசாயிடுச்சு? இது பூட்ஸ் பாலிஷ். ஒவ்வொண்ணா எடுத்து, உக்காந்து தடவியிருக்கான் அயோக்கியன். ஓரம்கூடப் பிசிறல பாரு."

சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, சோப்பை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.